வலையமைப்பை மென்பொருள் ஆளும் காலம்: எஸ்.டி.என். பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பில் தொலைத்தொடர்புத் துறையில் வேலை செய்வோரும், அந்த வேலைக்குப் படிப்போரும், தம் நிறுவனத்துக்கு இணைப்பு வாங்குவோரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். விடைகளின் நீளம் ஒரே அளவாக இராது. சில கேள்விகளுக்கு இரண்டு வரியே போதும்.

எஸ்.டி.என். என்கிறார்களே, அது என்ன?

ஒரு ரவுட்டர் இரண்டு வேலைகளைச் செய்கிறது. வந்து சேரும் தரவுப் பொதியைச் சரியான வாசல் வழியே வெளியே தள்ளுவது ஒன்று. எந்தப் பொதிக்கு எந்த வாசல் என்று தீர்மானித்து வைப்பது மற்றொன்று. முதலாவது கைவேலை, இரண்டாவது மூளைவேலை. இணையம் வளர்ந்த காலம் முழுவதும் இரண்டும் ஒரே பெட்டிக்குள் பூட்டப்பட்டிருந்தன. அந்தப் பெட்டியையும் அதன் மென்பொருளையும் ஒரே நிறுவனம் விற்றது. மென்பொருள்வழி வலையமைப்பு, அதாவது எஸ்.டி.என்., இந்த இரண்டையும் பிரிக்கிறது. கடத்தும் வேலை பெட்டியில் இருக்க, தீர்மானிக்கும் வேலை கொன்ட்ரோலர் என்ற மென்பொருளின் கைக்குப் போகிறது. அந்த மென்பொருள் வேறெங்கோ உள்ள சேர்வர்களில் இயங்கி, வலையமைப்பு முழுவதையும் ஒரே படமாகப் பார்க்கிறது.

இதை விளக்கக் காலி வீதிப் போக்குவரத்தை உதாரணம் காட்டுவது வழக்கம்: பம்பலப்பிட்டிச் சந்தியில் நிற்கும் பொலிஸ்காரருக்குத் தன் கண்ணுக்கெட்டிய நெரிசல்தான் தெரியும், கொள்ளுப்பிட்டியில் வாகனங்கள் தேங்கி நிற்பது தெரியாது என்பார்கள். உதாரணம் நல்லதுதான், ஆனால் பழைய ரவுட்டர்களுக்குச் சிறிது அநியாயம் செய்கிறது. ஓ.எஸ்.பி.எஃப்., ஐ.எஸ்.-ஐ.எஸ். போன்ற நெறிமுறைகளின் வழியே அவை ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. எந்த வீதி திறந்திருக்கிறது, எது மூடிவிட்டது என்பது எல்லாவற்றுக்கும் தெரியும். தெரியாதது நெரிசல். ஒவ்வொன்றும் தனக்குக் குறுகிய பாதையைத் தானே தெரிந்தெடுப்பதால், எல்லாப் போக்குவரத்தும் ஒரே வீதியில் வந்து முட்டி நிற்க, பக்கத்து வீதி வெறிச்சோடிக் கிடக்கும்.

பழைய முறையும் வேலை செய்துகொண்டுதானே இருந்தது? மாற்ற வேண்டிய அவசியம் என்ன?

வேலை செய்தது. அதை வேலை செய்ய வைத்தவர்கள் நள்ளிரவில் விழித்திருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நான் வேலை பழகிய இடத்தில், மாற்றங்கள் அனைத்தும் இரவு ஒரு மணிக்கும் நான்கு மணிக்கும் இடையில்தான் நடக்கும். ஒரு வாடிக்கையாளருக்குப் புதிய இணைப்புக் கொடுக்கப் பதினைந்து, இருபது ஸ்விட்ச்களில் (வலையமைப்புக்குள் பொதிகளைக் கடத்தும் பெட்டிகள்) கட்டளை தட்ட வேண்டும். ஒரு நோட்பேட் கோப்பில் கட்டளைகளை எழுதி வைத்து, ஒவ்வொரு பெட்டியாக உள்நுழைந்து ஒட்டிக்கொண்டு போவோம். அந்தக் கட்டளைகளில் ஒன்று ‘ஸ்விட்ச்போர்ட் ட்ரங்க் அலவ்ட் விலேன் ஆட் 240’ என்பது. ஏற்கெனவே அந்த வழியே போகும் விலேன்களோடு (ஒரே கம்பியில் ஓடினாலும் ஒன்றோடொன்று கலக்காத தனித்தனி வலையமைப்புகள்) 240ஐயும் சேர்த்துக்கொள் என்பது இதன் பொருள். ‘ஆட்’ என்ற அந்த ஒரு சொல் விடுபட்டால் பொருள் தலைகீழாகிவிடும்: 240 மட்டும் போகலாம், மற்ற அனைத்தையும் நிறுத்து. ஸ்விட்ச் மறுபேச்சுப் பேசாது; எச்சரிக்கையும் காட்டாது. ஓர் இரவு எங்களில் ஒருவர் பதினோராவது பெட்டியில் அந்தச் சொல்லை விட்டுவிட்டார். அந்த ஒரு வரியில் ஒரு நகரத்தின் வங்கிக் கிளைகள் அனைத்தும் அறுந்தன. அறுந்ததை அறிந்து சரிசெய்ய நாற்பது நிமிடம் ஆயிற்று. ஏனெனில் அந்தப் பெட்டியில் முன்பு என்ன இருக்க வேண்டும் என்று சொல்லும் எக்செல் தாள் எட்டு மாதம் பழையது.

இந்தக் கதையில் தவறிய கையை விட எனக்கு முக்கியமாகப் படுவது அந்த எக்செல் தாள். தாளில் ஒன்று, பெட்டியில் ஒன்று, உண்மையில் ஓடும் போக்குவரத்தில் இன்னொன்று என்று மூன்று வலையமைப்புகள் எங்களிடம் இருந்தன. எஸ்.டி.என். தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்குக் கொடுத்த ஆகப் பெரிய பயன், வலையமைப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஒரே பதிவேட்டை உண்டாக்கி, பெட்டிகளை அதற்கு இணங்க வைத்ததுதான் என்பது என் கருத்து. வேகமும் செலவுச் சிக்கனமும் அதற்குப் பின்னர் வருகின்றன.

இந்தச் சிந்தனை எங்கே பிறந்தது?

ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில். மார்ட்டின் கசாடோ, நிக் மெக்கியோன் முதலானோர் 2007இல் ஈதேன் என்ற ஆய்வையும், 2008இல் ஓபன்ஃப்ளோ என்ற நெறிமுறையையும் வெளியிட்டார்கள். வெளியிலிருக்கும் ஒரு மென்பொருள், ஸ்விட்சின் உள்ளே உள்ள கடத்தல் அட்டவணையில் நேரடியாக எழுத வழி செய்ததே ஓபன்ஃப்ளோவின் புதுமை. 2011இல் ஓபன் நெட்வர்க்கிங் ஃபவுண்டேஷன் உருவானபோது அதன் நிறுவனர்களில் கூகுள், பேஸ்புக், மைக்ரோசொஃப்ட், யாஹூ ஆகியவற்றோடு டொய்ச் டெலிகொம், வெரைசன் என்ற இரண்டு தொலைத்தொடர்பு நிறுவனங்களும் இருந்தன.

துறையை உண்மையில் திரும்பிப் பார்க்க வைத்தது, 2013இல் கூகுள் வெளியிட்ட பி4 பற்றிய கட்டுரை. தன் தரவு மையங்களை இணைக்கும் உலகளாவிய வலையமைப்பை எஸ்.டி.என். முறைக்கு மாற்றி, பல இணைப்புகளைக் கிட்டத்தட்ட 100 சதவீதம் நிரப்பி ஓட்டுவதாக அது சொன்னது. நீண்டதூர இணைப்புகளை 30 முதல் 40 சதவீதம் வரை நிரப்பிவிட்டு, மீதியை விபத்துக்கென்று வெறுமையாக வைத்திருப்பதே அதுவரை வழக்கம். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கூகுளின் இணைப்பில் ஓடுபவற்றில் பெரும்பகுதி அதன் சொந்தத் தரவு நகல்கள். நெரிசல் வந்தால் அவற்றைச் சிறிது காத்திருக்கச் சொல்லலாம். தொலைபேசி அழைப்பில் பேசிக்கொண்டிருப்பவரைக் காத்திருக்கச் சொல்ல இயலாது.

அப்படியானால் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் ஓபன்ஃப்ளோவை அப்படியே எடுத்துக்கொண்டனவா?

பெரும்பாலும் இல்லை. பல்கலைக்கழகத்தில் தூய்மையாக இருந்த யோசனை, ஏற்கெனவே ஆயிரக்கணக்கான பெட்டிகளும் இருபது ஆண்டுப் பழைய ஒப்பந்தங்களும் உள்ள வலையமைப்புக்குள் நுழைந்தபோது உருமாறிவிட்டது. மூளையை முழுவதாகப் பெட்டியிலிருந்து கழற்றினால், கொன்ட்ரோலருடனான தொடர்பு அறுந்த கணமே பெட்டி செய்வதறியாது நிற்கும். எனவே நிறுவனங்கள் நடுவழியைத் தெரிந்தெடுத்தன: அன்றாட முடிவுகளை ரவுட்டர் தானே எடுக்கட்டும், முழுப் படமும் தேவைப்படும் முடிவுகளை மட்டும் கொன்ட்ரோலர் எடுக்கட்டும்.

இந்த நடுவழி மூன்று கருவிகளின் மேல் நிற்கிறது. முதலாவது, வலையமைப்பின் படத்தைக் கொன்ட்ரோலருக்கு எடுத்துச் செல்லும் பி.ஜி.பி.-எல்.எஸ். இரண்டாவது, செக்மென்ட் ரவுட்டிங். ஒரு பொதி எந்தெந்த இடங்களைத் தொட்டுச் செல்ல வேண்டும் என்ற பட்டியலை, அது வலையமைப்புக்குள் நுழையும் முதல் ரவுட்டரே பொதியின் தலையில் எழுதிவிடுகிறது. நடுவிலுள்ள ரவுட்டர்கள் அந்தப் பாதையை நினைவில் வைத்திருக்கத் தேவையில்லை. கண்டிக்குப் போகும் பார்சலில் ‘குருநாகல் வழியாக’ என்று எழுதி பஸ்ஸில் ஏற்றிவிடுவது போன்றது இது. குருநாகலில் இருப்பவருக்கு முன்கூட்டித் தகவல் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே கொன்ட்ரோலர் ஒரு பாதையை மாற்ற விரும்பினால், நுழைவாயில் ரவுட்டர் ஒன்றிடம் மட்டும் பேசினால் போதும்.

மூன்றாவது, பெட்டிகளின் அமைப்பை மென்பொருளே மாற்ற உதவும் நெட்கொன்ஃப் நெறிமுறையும், அந்த அமைப்பை விவரிக்கும் யாங் என்ற மொழியும். கேட்பதற்குச் சலிப்பூட்டும் பெயர்கள்தாம். எனினும் என் நோக்கில் துறையை அதிகம் மாற்றியவை இவையே. நெட்கொன்ஃப்பில் ஒரு மாற்றத்தை ‘உறுதிப்படுத்தினால் மட்டும் நிலைக்கும்’ என்ற நிபந்தனையோடு அனுப்பலாம். பெட்டி அதை ஏற்று நடைமுறைப்படுத்திவிட்டுக் காத்திருக்கும். வேறு காலம் குறிப்பிடாவிட்டால் 600 விநாடி, அதாவது பத்து நிமிடம். அதற்குள் ‘சரி’ என்ற இரண்டாவது செய்தி வராவிட்டால், பெட்டி தானாகவே பழைய நிலைக்குத் திரும்பிவிடும். நீங்கள் போட்ட கட்டளையே உங்கள் தொடர்பை அறுத்துவிட்டால் ‘சரி’ என்று சொல்ல உங்களால் முடியாது. முடியாததாலேயே பிழை தன்னைத் தானே அழித்துக்கொள்ளும். அந்தப் பதினோராவது பெட்டியில் இந்த வசதி இருந்திருந்தால், நாற்பது நிமிடம் பத்தாகக் குறைந்திருக்கும்.

என்.எஃப்.வி. என்பதும் இதுவும் ஒன்றா?

ஒன்றல்ல, உடன்பிறப்புகள். வலையமைப்பில் தீர்மானிப்பதையும் கடத்துவதையும் பிரிப்பது எஸ்.டி.என். தீச்சுவர், சந்தாதாரர் கணக்கு, கைப்பேசி மையக்கட்டமைப்பு என்று ஒவ்வொன்றுக்கும் தனிப் பெட்டி வாங்குவதை விட்டு, சாதாரண சேர்வரில் மென்பொருளாக ஓட்டுவது என்.எஃப்.வி. 2012 ஒக்டோபரில் ஜேர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் நடந்த மாநாட்டில் பதின்மூன்று தொலைத்தொடர்பு நிறுவனங்கள் சேர்ந்து வெளியிட்ட அறிக்கையோடு இது பேச்சுக்கு வந்தது. ஒன்றில்லாமல் மற்றதைச் செய்யலாம். நடைமுறையில் இரண்டும் சேர்ந்தே வருகின்றன. சேர்வரில் ஒரு தீச்சுவர் நொடியில் எழுந்து நின்றாலும், போக்குவரத்தை அதன் பக்கம் திருப்ப ஆள் வந்து கட்டளை தட்டும்வரை காத்திருக்க வேண்டுமானால் அந்த வேகத்தால் யாருக்கும் பயனில்லை.

பெரிய அளவில் யாராவது செய்து காட்டியிருக்கிறார்களா?

அமெரிக்காவின் ஏ.டி. அண்ட் டி. 2013இலேயே இந்தப் பாதையை அறிவித்து, 2020க்குள் தன் வலையமைப்பின் 75 சதவீதத்தை மென்பொருளின் ஆளுகைக்குக் கொண்டுவருவதாக இலக்கு வைத்தது. அதற்கெனத் தானே எழுதிய ஈகொம்ப் என்ற மென்பொருளைப் பின்னர் திறந்த மூலமாக்கியது. அது 2017இல் வேறொரு திட்டத்தோடு இணைந்து ஓனாப் என்ற பெயரில் லினக்ஸ் ஃபவுண்டேஷனின் கீழ் வந்தது. ஜப்பானில் ரகுட்டென் மொபைல், பழைய சுமை எதுவுமின்றித் தொடக்கத்திலிருந்தே முழுவதும் மென்பொருளாக அமைத்த கைப்பேசி வலையமைப்போடு 2020 ஏப்ரலில் வணிகச் சேவையைத் தொடங்கியது. தொழில்நுட்பம் ஓடியது, கைப்பேசிப் பிரிவு அதன்பின் பல ஆண்டுகள் நட்டத்திலேயே ஓடியது. கோபுரத்துக்கும் வாடிக்கையாளரைச் சேர்ப்பதற்கும் ஆகும் செலவை மென்பொருளால் குறைக்க முடியாது என்பதை நம்மூர் நிர்வாகிகள் இதில் கவனிப்பது நல்லது.

இலங்கை போன்ற சிறு தீவுக்கு இதனால் என்ன?

நம் நாட்டின் வெளியுலகத் தொடர்பு விரல் விட்டு எண்ணக்கூடிய கடலடிக் கம்பிகளில் தொங்குகிறது. கொழும்பில் கரையேறும் சீ-மீ-வி 4, மாத்தறையில் கரையேறும் சீ-மீ-வி 5, கல்கிசையில் கரையேறும் வங்காள விரிகுடா நுழைவாயில் கம்பி ஆகியவை அவற்றில் முக்கியமானவை. இவற்றில் மேற்கே ஐரோப்பா நோக்கிச் செல்லும் திசையும் உண்டு, கிழக்கே சிங்கப்பூர், மலேசியா நோக்கிச் செல்லும் திசையும் உண்டு. 2025 செப்டெம்பரில் செங்கடலில் ஜித்தாவுக்கு அருகே சீ-மீ-வி 4 உள்ளிட்ட கம்பிகள் அறுந்தபோது மேற்குத் திசை எவ்வளவு பலவீனமானது என்பது தெற்காசியா முழுவதற்கும் மறுபடி நினைவூட்டப்பட்டது.

அப்படி ஒரு கம்பி அறும்போது பழைய முறையில் நடப்பது இது: வலையமைப்புகளுக்கு இடையே பாதை தேடும் பி.ஜி.பி. நெறிமுறை மிஞ்சியிருக்கும் பாதையைக் கண்டுபிடித்து அனைத்தையும் அதில் கொட்டும். வங்கியின் பணப் பரிமாற்றமும் யாரோ பார்க்கும் கிரிக்கெட் வீடியோவும் சம உரிமையோடு நெரிபடும். பொறியியலாளர் எழும்பி வந்து, எதை எங்கே திருப்புவது என்று கணக்குப் போட்டு, விடியும்போது ஓரளவு சரியாகும். கொன்ட்ரோலர் இருந்தால், எந்தக் கம்பி அறுந்தால் எந்தப் போக்குவரத்து எங்கே போக வேண்டும் என்பதை முன்பே கணக்கிட்டு வைத்திருக்கலாம். அறுந்த நிமிடத்திலேயே அதை நடைமுறைப்படுத்தலாம். அவ்வளவுதான். அறுந்த கொள்ளளவை அது திருப்பித் தராது. இருக்கும் அரிசியை அளந்து போடும் அகப்பை அது. அரிசி மூட்டை வேறு.

மின்சாரத்தைப் பற்றியும் கேட்கிறார்கள். 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்வெட்டு வந்தபோது, கோபுரங்களை உயிரோடு வைத்தது டீசலும் பற்றரியும். இந்த இடத்தில் எஸ்.டி.என்.ஐப் பற்றிப் பேசினால் சிரிப்பார்கள், சிரிப்பதும் நியாயம்.

புறக்கோட்டையில் கடை வைத்திருக்கிறேன், யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் கிளை உண்டு. எனக்கு விற்க வரும் எஸ்.டி.-வேன் இதுதானா?

அதே சிந்தனையின் சில்லறை வடிவம். முன்பு மூன்று கடைகளையும் இணைக்க எம்.பி.எல்.எஸ். தனிவழி இணைப்பை மாத வாடகைக்கு எடுக்க வேண்டும். எஸ்.டி.-வேனில் ஒவ்வொரு கடையிலும் ஒரு சிறு பெட்டி இருக்கும். அது சாதாரண பைபர் இணைப்பையும் 4ஜி சிம்மையும் ஒன்றாகச் சேர்த்து, குறியாக்கம் செய்த சுரங்கப்பாதை ஒன்றை உண்டாக்கி, பில் போடும் மென்பொருளை நல்ல இணைப்பிலும் சிசிடிவி படத்தை மற்றதிலும் அனுப்பும். யாழ்ப்பாணத்தில் பைபர் அறுந்தால் காசாளர் அறியாமலே சிம்முக்கு மாறிக்கொள்ளும்.

வாங்குமுன் இரண்டு விடயங்களைக் கேளுங்கள். பைபரும் சிம்மும் ஒரே நிறுவனத்துடையவையா? அப்படியானால் இரண்டும் ஒரே கம்பியில் போய் ஒன்றாகவே விழக்கூடும். ஆண்டுச் சந்தா முடிந்தால் பெட்டி தொடர்ந்து இயங்குமா, அல்லது கல்லாகிவிடுமா? இரண்டாவது கேள்விக்கு விற்பனையாளர் தயங்கினால், விடையை ஒப்பந்தத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

மூளை ஓரிடத்தில் இருந்தால், அந்த மூளை நின்றுபோனால் என்னாகும்?

இது கேட்க வேண்டிய கேள்வி. கொன்ட்ரோலரை ஒரே சேர்வரில் யாரும் வைப்பதில்லை. மூன்று, ஐந்து என்று ஒற்றைப்படை எண்ணிக்கையில், வேறு வேறு கட்டடங்களில் வைப்பார்கள். ஒற்றைப்படைக்குக் காரணம், தொடர்பு அறுந்து குழு இரண்டாகப் பிரிந்தாலும் ஒரு பக்கத்துக்குப் பெரும்பான்மை இருக்க வேண்டும் என்பதுதான்; சிறுபான்மைப் பக்கம் முடிவெடுப்பதை நிறுத்திக்கொள்ளும். கொன்ட்ரோலர்கள் அனைத்தும் போனாலும், மேலே சொன்ன நடுவழி அமைப்பில் ரவுட்டர்கள் கடைசியாகக் கிடைத்த அறிவுரையோடும் தம் சொந்த அறிவோடும் ஓடிக்கொண்டிருக்கும்.

மூளை நிற்பதைவிட அது உறுதியோடு தவறு செய்வதுதான் எனக்குப் பயம். கையால் தட்டிய காலத்தில் ஒரு பிழை ஒரு பெட்டியைக் கெடுத்தது. இப்போது ஒரு பிழை எல்லாப் பெட்டிகளையும் ஒரே நொடியில், ஒரே மாதிரி, ஒழுங்காகக் கெடுக்கும். 2021 ஒக்டோபர் 4ஆம் திகதி பேஸ்புக் ஏறக்குறைய ஆறு மணி நேரம் உலகத்திலிருந்து மறைந்தது இப்படித்தான். பராமரிப்பின்போது கொடுத்த ஒரு கட்டளை முதுகெலும்பு வலையமைப்பு முழுவதையும் துண்டித்தது. அத்தகைய கட்டளையைத் தடுக்க வேண்டிய சோதனைக் கருவியில் ஒரு வழு இருந்தது. திருத்தச் சென்ற பொறியியலாளர்கள் தரவு மையத்துக்குள் நுழையவே சிரமப்பட்டார்கள்.

2022 ஜூலை 8ஆம் திகதி கனடாவின் ரொஜர்ஸ் நிறுவனம் விழுந்ததில் எஸ்.டி.என்.க்குப் பங்கு இருந்ததென்று சொல்ல மாட்டேன். மையக்கட்டமைப்பை மேம்படுத்தும்போது ஒரு வடிகட்டியை நீக்கியதால் பாதை விவரங்கள் வெள்ளமாகப் பாய்ந்து ரவுட்டர்களை மூழ்கடித்த கதை அது. ஆயினும் பாடம் நமக்கும் உரியது. பெட்டிகளைச் சென்றடையும் நிர்வாக வலையமைப்பு, விழுந்த அதே வலையமைப்பின் மேல் ஏறி ஓடியது. ஊழியர்களின் கைப்பேசிகளும் அதே நிறுவனத்தின் இணைப்பிலேயே இருந்தன. ஒருவரையொருவர் அழைக்கக்கூட வழியில்லாமல் போயிற்று. ஆதலால் கொன்ட்ரோலர் வாங்குமுன், அதற்கும் பெட்டிகளுக்கும் இடையே தனி வழி இருக்கிறதா என்று பாருங்கள். இரவுப் பணிக் குழுவில் ஒருவரிடமாவது போட்டி நிறுவனத்தின் சிம் இருக்கட்டும். செலவு சில நூறு ரூபாய்.

பாதுகாப்பு?

கொன்ட்ரோலரைக் கைப்பற்றியவர் வலையமைப்பைக் கைப்பற்றினார். அதன் நிர்வாகப் பக்கத்தை இணையத்தில் திறந்துவைப்பது, வீட்டுச் சாவியைப் படலையில் தொங்கவிடுவதற்குச் சமம். மறுபக்கம் ஒரு நன்மையும் உண்டு: தாக்குதல் போக்குவரத்தை நாட்டின் எல்லையிலேயே, எல்லா வாசல்களிலும் ஒரே நேரத்தில் தடுக்க முடிகிறது.

வெண்பெட்டி வாங்கினால் டொலர் மிஞ்சுமா?

வன்பொருளை ஒருவரிடமும் மென்பொருளை இன்னொருவரிடமும் வாங்குவதே வெண்பெட்டி முறை. பெட்டியின் விலை குறைவது உண்மை. ஆனால் இரவு இரண்டு மணிக்குப் பொதிகள் தொலையும்போது வன்பொருள்காரர் மென்பொருள்காரரைக் காட்டுவார்; அவர் சில்லுக்காரரைக் காட்டுவார். முன்பு விலையில் சேர்ந்திருந்த பொறுப்பை இனி உங்கள் ஊழியர் சுமக்க வேண்டும், அந்தத் திறமைக்குச் சம்பளம் வேண்டும். திறமையுள்ளவர் அடுத்த ஆண்டு மெல்பேர்னுக்கோ டுபாய்க்கோ போய்விடுவார் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டிய ஊர் இது. பெரிய நிறுவனத்துக்கு இலாபமாக முடியக்கூடிய கணக்கு, நம்முடைய அளவில் பெரும்பாலும் சரிசமமாகத்தான் முடியும் என்று நினைக்கிறேன்.

ஒரு நிறுவனத்தின் கொன்ட்ரோலர் அதே நிறுவனத்தின் ரவுட்டர்களை மட்டுமே ஆளுமானால், பழைய பூட்டைக் கழற்றிப் புதிய பூட்டைப் போட்டிருக்கிறோம். கேள்வி மனுக் கோரும்போது யாங் மாதிரிகள் பொதுத் தரத்தில் இருக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தால் இதைத் தவிர்க்கலாம்.

என் வீட்டு இணைய வேகம் கூடுமா?

கூடாது. இணைப்புக் கிடைக்கும் நாட்களும், பழுது கண்டுபிடிக்கும் நேரமும் குறையலாம்.

ரவுட்டர் கட்டளைகளை மனப்பாடமாக வைத்திருக்கும் எங்கள் வேலை போய்விடுமா? எதைப் படிக்க வேண்டும்?

கட்டளை தட்டும் வேலை குறையும். எந்தக் கட்டளை ஏன் என்று தெரிந்தவரின் தேவை குறையாது. கொன்ட்ரோலர் ஒரு விசித்திரமான பாதையைத் தெரிந்தெடுக்கும்போது அது சரியா பிழையா என்று சொல்ல, பி.ஜி.பி.யையும் ஐ.எஸ்.-ஐ.எஸ்.ஐயும் ஆழமாக அறிந்தவர் வேண்டும். பைதன் நிரல்மொழி மட்டும் தெரிந்து வலையமைப்புத் தெரியாதவர் எழுதிய நிரலை நான் இரண்டு முறை இரவோடிரவாகத் திரும்பப் பெற்றிருக்கிறேன்.

ஆகவே வரிசை இதுவாக இருக்கட்டும்: முதலில் வழிப்படுத்தல் நெறிமுறைகள், பின்னர் லினக்ஸ், அதன் பின்னர் பைதன். பயிற்சிக்கு விலையுயர்ந்த ஆய்வுகூடம் தேவையில்லை. ஸ்டான்ஃபோர்டில் எழுதப்பட்ட மினிநெட் என்ற இலவச மென்பொருள், ஒரு சாதாரண மடிக்கணினிக்குள் பத்து இருபது ஸ்விட்ச்களையும் அவற்றை ஆளும் கொன்ட்ரோலரையும் எழுப்பித் தரும். அதில் நான்கு ஸ்விட்ச்களை வளையமாக இணைத்து, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பிங் (பதில் கேட்கும் சோதனைப் பொதிகள்) ஓடவிட்டு, நடுவில் ஒரு இணைப்பை அறுத்துப் பாருங்கள். எத்தனை பொதிகள் தொலைகின்றன என்று எண்ணுங்கள். பிறகு கொன்ட்ரோலரையே நிறுத்திவிட்டு மறுபடி எண்ணுங்கள். அதன் பின் இன்னொரு இணைப்பையும் அறுத்து மூன்றாவது தடவை எண்ணுங்கள். மூன்று எண்களும் ஏன் வேறுபடுகின்றன என்று எழுதிக்கொண்டு வருபவரை நான் நேர்முகத்தில் வேறொன்றும் கேட்பதில்லை.